டம்ளர் எறிந்ததும் மாற்றம்தான்

என் அண்ணி இதுவரை அரசாங்கத்துக்கு முப்பத்தொரு படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். அதில் ஒன்றுகூடப் புகார் கிடையாது. அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டதும் கிடையாது. எல்லாமே எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்வதற்காக எழுதியவை. புகுந்த வீட்டுச் சங்கதியைப் பெண்கள் அம்மாவுக்கு எழுதுவார்கள். இவள் உதவி அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்கு எழுதினாள்.

என்னைவிட இரண்டு வயது இளையவள் என்பதால் இங்கே அவள் இவள் என்றுதான் எழுதுவேன். நேரில் அண்ணி, நீங்க என்று மரியாதையாகத்தான் பேசுவேன். சண்டை போடும்போதுகூட அப்படித்தான். எங்களுக்குள் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. நான் கொஞ்சம் முன்கோபக்காரி. சின்ன வயதில் நான் எடுத்ததற்கெல்லாம் பொரிவதைப் பார்த்து அண்ணன் எனக்குக் கடுகு என்று பேர் வைத்தார். அவர் ஒருவர்தான் அப்படிக் கூப்பிடுவார், வேறு யார் கூப்பிட்டாலும் கடித்து வைத்துவிடுவேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் ஜனங்கள் மேலே போனதும் கீழே வந்ததும் அவர் புண்ணியத்தில்தான். நாங்கள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில். மொத்தம் முப்பத்தெட்டுப் படி. ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் மேலே வந்தார்கள். கடுகு என்ற பேரும் அத்தோடு போயிற்று.

அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தது. அதைவிடப் பெரிய உதவி, வாரத்தில் மூன்று நாள் உடற்பயிற்சி சிகிச்சை செய்ய ஒரு பெண்ணை வீட்டுக்கே அனுப்பியது. பிசியோ என்று நாங்கள் கூப்பிட்ட அந்தப் பெண் வந்து கையைக் காலை நீட்டி மடக்கிவிட்டால்தான் அண்ணன் முகத்தில் களை வரும். ஆனால் நடக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான் வீட்டுக்கு ஆள் வரும். நடக்க முடிந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ள வேண்டும். முப்பத்தெட்டுப் படி இறங்கி எங்கே போவது? பிசியோ வருகிறவரைக்கும்தான் அண்ணனுக்கு விடிவு, நின்றால் அவர் படுத்த படுக்கைதான்.

உதவி உத்தரவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பயனாளியின் நிலையில் எந்த மாற்றம் ஏற்பட்டாலும் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டுமாம். இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து படிப்பார்களா? என் அண்ணி படித்தாள்.

அவள் படித்ததில் ஆச்சரியம் இல்லை. அண்ணன் விழும்வரை அவள் துணி மில்லில் குறை பார்க்கிற வேலையில் இருந்தவள். விளக்கு வைத்த சாய்வு மேசைமேல் துணி நகர்ந்துகொண்டே இருக்கும். இழை அறுந்திருந்தால், முடிச்சு விழுந்திருந்தால், அந்த இடத்துக்கு நேராகத் துணியின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் கட்ட வேண்டும். பதினோரு வருஷம் அதையே செய்தாள். ஒரு தரம்கூட அவள் பார்த்த துணி திரும்பி வந்ததில்லையாம். “குறை சின்னதா பெருசான்னு முடிவு பண்றது என் வேலை இல்லம்மா. பார்த்தா நூல் கட்டணும், அவ்வளவுதான்” என்பாள். அண்ணனைப் பார்த்துக்கொள்வதற்காக அந்த வேலையை ஒரே நாளில் விட்டுவிட்டு வந்தாள். வேலையை விட்டாளே தவிர பழக்கத்தை விடவில்லை.

முதல் படிவத்தில், இடது கையால் ஸ்பூன் பிடித்தார் என்று எழுதினாள். அடுத்ததில், தலையணை இல்லாமல் கால்மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு, சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களைத் தானே போட்டார், மூன்றாவது முடியவில்லை. இதாவது பரவாயில்லை. ஒருநாள் கஞ்சி சூடாக இருந்தது என்று அண்ணன் டம்ளரைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். என் புடவையெல்லாம் கஞ்சி. நான் கத்திக்கொண்டிருக்கிறேன், அண்ணி சிரித்துக்கொண்டே போய்ப் படிவத்தை எடுக்கிறாள். “கோபம் வந்து டம்ளரை எறிந்தார். குறி தவறவில்லை.”

அலுவலகத்துக்கு அவளேதான் போவாள். நான் அண்ணனோடு இருப்பேன். மூன்றாம் ஜன்னலில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எல்லோர்மேலும் எரிந்து விழுகிற ஆள். டம்ளர் படிவத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இதெல்லாம் மாற்றத்துல சேராது” என்றாராம். இவள் விடவில்லை. “எங்க வீட்டுல இதாங்க மாற்றம். நாலு மாசமா அவருக்குக் கோபமே வரல” என்றிருக்கிறாள். அவர் பெருமூச்சு விட்டு முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டுகளை அண்ணி சமையலறைச் சுவரில் தொங்கிய கம்பியில் தேதிவாரியாகக் குத்தி வைத்தாள். ஒன்றரை வருஷத்தில் இருபத்து மூன்று சீட்டு சேர்ந்தன.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா இவளுக்கு? நன்றாகிறார், நன்றாகிறார் என்று நாமே போய்ச் சொன்னால் அவர்கள் பிசியோவை நிறுத்தாமல் என்ன செய்வார்கள்? ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

அப்புறம் அண்ணன் நடந்தார். ஒரு புதன்கிழமை சாயங்காலம், சுவரைக்கூடப் பிடிக்காமல், கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் பதினான்கு அடி. அண்ணி கதவோரம் நின்று எண்ணினாள். அவர் போய்ச் சேர்ந்ததும் தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நானும் அழுதேன். அழுது முடித்த கையோடு எனக்குப் பயம் வந்துவிட்டது.

மறுநாள் அண்ணிக்கு நல்ல காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. நான் வேலை பார்க்கிற மருந்துக்கடை அந்த அலுவலகத்துக்கு நேரெதிரே இருக்கிறது. படிவத்தை மடித்து என் கையில் கொடுத்து, போகிற வழியில் கொடுத்துவிடச் சொன்னாள். நான் நேரே கடைக்குப் போய், என் மேசை இழுப்பறையில் அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். சாயங்காலம் அவள் சீட்டு கேட்டாள். முத்திரை போடுகிறவர் லீவு, சீட்டு அப்புறம் தருவார்கள் என்று கூசாமல் சொன்னேன். அவளும் சரி என்று நம்பிவிட்டாள். அப்புறம் கேட்டபோதெல்லாம் ஏதோ சாக்குச் சொன்னேன். அவள் நல்லதுக்குத்தானே செய்கிறேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பிசியோ தன் மாதக் குறிப்பில் அண்ணன் பதினான்கு அடி நடப்பதைச் சந்தோஷமாக எழுதியிருக்கிறாள். வீட்டார் தெரிவிக்கவில்லை. மாற்றத்தை மறைத்ததாகக் கருதப்படுகிறது, நேரில் வந்து விளக்கம் தரும்வரை வீட்டுச் சிகிச்சை நிறுத்தி வைக்கப்படுகிறது. விளக்கம் சரியில்லையென்றால் எல்லா உதவியும் ரத்து.

அந்தத் திங்கட்கிழமை பிசியோ வரவில்லை. அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு, பத்து மணியிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கீழ் வீட்டு டீச்சரை அண்ணனோடு இருக்கச் சொல்லிவிட்டு, அண்ணி சீட்டுக் கம்பியை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். அவள் முகத்தில் துளிப் பயமில்லை. தப்பு செய்யாதவளுக்கு என்ன பயம்? ஜன்னலில் போய், “நான் எழுதிக் குடுத்தனுப்பினேங்க. உங்ககிட்டதான் எங்கயாவது இருக்கும், கொஞ்சம் தேடிப் பாருங்க” என்றாள்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்த மனிதர் துரத்தியிருப்பார். இவள் சொன்னதும் எழுந்தார். பின்னால் இருந்த அலமாரியில் கட்டுக் கட்டாக இறக்கினார். முழங்கால் போட்டுக் கீழ்த்தட்டைக் குடைந்தார். தும்மினார். சட்டையெல்லாம் தூசி. என் இழுப்பறையில் கிடக்கிற காகிதத்தை அந்த வயசான மனிதர் அங்கே தேடிக்கொண்டிருக்கிறார். அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, இன்னும் இடதுபக்கம் பாருங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குமேல் நிற்க முடியவில்லை. தெருவைக் கடந்து ஓடினேன், இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலில் வைத்தேன்.

“தேட வேணாங்க. நான்தான் ஒளிச்சு வச்சேன்.”

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

எங்களை உள்ளே மேலதிகாரி அம்மாவிடம் அழைத்துப் போனார்கள். குடும்பமே சேர்ந்து நாடகம் ஆடவில்லை என்று எப்படி நம்புவது என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். நான் உளறிக்கொட்டினேன். அண்ணி சீட்டுக் கம்பியை மேசைமேல் வைத்தாள். பேசியது மூன்றாம் ஜன்னல்காரர்தான்.

“மேடம், புருஷன் டம்ளரை எறிஞ்சதையே வந்து எழுதிக் குடுத்தவங்க இவங்க. அவர் நடந்ததை மறைப்பாங்களா?”

அதிகாரி கோப்பை வரவழைத்துப் படித்தார். ஸ்பூனிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் படித்தார். பொத்தான் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நிறுத்தம் அன்றே ரத்தானது. அடுத்த வாரம் ஒரு டாக்டர் வந்து சோதித்தார். அண்ணன் சமதரையில் நடந்தார், படியில் காலே வைக்க முடியவில்லை. படி இறங்கத் தெரியும்வரை வீட்டுச் சிகிச்சை உண்டு, விதியிலேயே இருக்கிறது என்று டாக்டர் எழுதிவிட்டுப் போனார். ஆக, அண்ணி சொன்னபடி அன்றைக்கே கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வந்த கெடுதல் அத்தனையும் என் கைவரிசை.

அன்று அலுவலகத்திலிருந்து திரும்பும்போது அண்ணி எனக்கு முன்னால் நடந்தாள். எங்கள் கட்டடத்தில் பாதிப் படி ஏறியதும் நின்றாள்.

“அவர் நடந்தது நல்ல சேதிம்மா. எத்தனை நாள் காத்திருந்து வந்த சேதி. அதைப் போய் இழுப்பறையில பூட்டி வச்சிட்டியே.”

அவ்வளவுதான் சொன்னாள். இன்றைக்கும் அந்தப் படியில் கால் வைக்கும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். இத்தனை நாள் இவள் சட்டத்துக்குப் பயந்து எழுதுகிறாள் என்று நினைத்திருந்தேன். குறைக்கு நூல் கட்டியே பழகியவளுக்கு நல்லதைக் குறித்துவைக்க ஓர் இடம் கிடைத்திருந்தது. அது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

அதன்பின் எட்டு மாதம் ஒரு படிவத்தைக்கூட அவள் என் கையில் கொடுக்கவில்லை. நான் கடைக்குப் போகிற அதே பாதையில், வெயிலில், அவளே போய்க் கொடுத்துவிட்டு வருவாள். சொல்லிக் காட்டியதில்லை. கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

போன ஞாயிற்றுக்கிழமை பிசியோ லீவு நாளில்கூட வந்தாள். அண்ணன் இடுப்பில் பெல்ட் மாட்டி அவள் பின்னால் பிடித்துக்கொள்ள, அவருக்கு இரண்டு படி கீழே நான் பின்பக்கமாக இறங்கினேன். விழுந்தால் தாங்க. அண்ணி மேலே நின்று எண்ணினாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. மெதுவா வையுங்க, கம்பியைப் பிடிங்க, அந்தக் காலு, இல்ல இந்தக் காலு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். முப்பதாவது படியில் அண்ணன் நின்றார். மூச்சு வாங்கினார். என்னை முறைத்துப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு அசைந்தது.

“கடுகு. சும்மா... இரு.”

பிசியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே எண்ணிக்கொண்டிருந்த குரல் நின்றுவிட்டது. இரண்டரை வருஷத்தில் முதல்தடவையாக அவர் வாயிலிருந்து முழுசாக ஒரு பேர் வந்தது, அதுவும் என்னைத் திட்ட. மீதி எட்டுப் படியும் நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நான் செருப்பு மாட்டும்போது அண்ணி வந்து, நாலாக மடித்த படிவத்தை என் கைப்பையின் மேல் வைத்தாள். “கடைக்குப் போற வழிதானே. குடுத்துடு” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இதைக் கொடுத்தால் பிசியோ வீட்டுக்கு வருவது நின்றுவிடும். இந்தத் தடவை சந்தேகமே இல்லை, நிச்சயம் நின்றுவிடும். அண்ணிக்கும் அது தெரியும். தெரிந்துதான் என்னிடம் கொடுத்தாள்.

ஜன்னல் திறக்க இருபது நிமிஷம் இருந்தது. நான்தான் வரிசையில் முதல் ஆள். கண்ணாடிக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஒரு பார்வை பார்த்தார், பிறகு படிவத்தைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார்.

“முப்பத்தெட்டுப் படியும் இறங்கினார். வழியில் கடுகைத் திட்டினார்.” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “கடுகா? யாருங்க அது?”

“நான்தாங்க” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் முத்திரையைக் குத்தி, சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.