செத்த கடாவின் கொட்டாவி

ஹேதர்கிளிஃப் ஊரில் கிளெம் சோட்டரைத் தெரியாதவர் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் டெர்பி நகரத்துக்குப் பஸ் ஓட்டுவார். கிறிஸ்துமஸ் வாரம் வந்துவிட்டால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சாவார்.

அந்த வாரம் ஊர்க்காரர்கள் சிலர் கூட்டமாக வீடு வீடாகப் போய்க் கடா வெட்டுகிற கூத்து ஆடுவார்கள்; கடா வேஷம் கிளெமுக்கு. சாவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சாக்கைப் போர்த்திக் குனிந்து, கழியில் செருகிய மரத்தலையைப் பிடித்தாரென்றால் ஆள் மறைந்து கடா வந்துவிடும். உள்ளே ஒரு கயிறு. இழுத்தால் மரத்தாடை திறக்கும், விட்டால் டொக்கென்று மூடும். கடாவின் பெருமையைப் பாடிக்கொண்டே கூட்டம் வீட்டுக்குள் நுழையும். கத்தி பட்டதும் கடா விழும். வீட்டுக்காரர் "எந்திரி" என்று சொல்லும்வரை அசையக் கூடாது. சாக்குக்குள் இருப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. கடாவுக்குக் கதவைச் சாத்திய வீடு அந்த வருஷம் விளங்காது என்பார்கள், அதனால் யாரும் சாத்துவதில்லை.

அப்படி ஊரெல்லாம் நுழைந்த கடா ஒரே ஒரு வீட்டுப் படியை மட்டும் ஒன்பது வருஷமாக மிதிக்கவில்லை. அது கிளெமின் அண்ணன் ஆம்புரோஸின் வீடு.

சொத்துத் தகராறு என்றால்கூட ஊர் மதித்திருக்கும். இவர்கள் முறைத்துக்கொண்டது பாட்டுக்காக. கடா கொட்டாவி விட்டதாம், அந்தக் காற்றில் பக்கத்து ஊர்த் துணியெல்லாம் காய்ந்ததாம் என்று ஓர் அடி வரும். கத்தி விழுந்த பிறகுதான் அந்த அடி, அப்பா அப்படித்தான் பாடினார் என்றார் அண்ணன். "செத்த கெடா எப்படிடா கொட்டாவி விடும்?" என்று தம்பி எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஆம்புரோஸ் அன்றோடு கூட்டத்தை விட்டுப் போனார். வாய்க்கொழுப்பெடுத்துப் பேசிவிட்டோமே என்று கிளெம் வருந்தாத நாள் இல்லை. ஆனால் இறங்கிப் போக மனசு வரவேண்டுமே.

இந்த வருஷம் பெஸ்ஸி ஹாலம் ஒரே பிடியாக நின்றாள். மீன் வறுவல் கடைக்காரி. கூட்டத்தில் கத்தி பிடிப்பவள் அவள்தான்.

"மொதல்ல உங்க அண்ணன் வீடு."

"அவன் கதவச் சாத்திட்டா?"

"சாத்தினா கெடாவுக்குத்தான சாத்துவாரு. உனக்கென்ன வந்துச்சு?"

கிளெம் சாக்குக்குள் புகுந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதவு திறந்தது. சாக்கு ஓட்டை வழியாக அண்ணனுடைய கம்பளிச் செருப்பு மட்டும் தெரிந்தது. அது நெடுநேரம் நகரவில்லை.

"உள்ள ஓட்டிட்டு வாங்க," என்றார் ஆம்புரோஸ். "குளிர் அடிக்குது."

பாட்டு நடந்தது. கொட்டாவி அடியைத் தம்பி கட்சிப்படி கத்திக்கு முன்னாலேயே பாடி முடித்தார்கள். பெஸ்ஸி கடாவின் கழுத்தில் கத்தியை வைத்தாள். கடா கம்பளத்தில் விழுந்து, காலை உதறிச் செத்தது. எல்லோரும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார்கள்.

"எந்திரின்னு சொல்லுங்க," என்றாள் பெஸ்ஸி.

"என்ன அவசரம்? ஒம்பது வருசமா வராத கெடா. கொஞ்சம் கெடக்கட்டும்."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆம்புரோஸ் தனியாகப் பாட ஆரம்பித்தார். அதே கொட்டாவி அடி. அப்பாவின் குரல் அப்படியே இருந்தது. பாட்டு முடிந்தது. கம்பளிச் செருப்பு மரத்தலைக்குப் பக்கத்தில் காத்திருந்தது.

செத்த கடா அசையக் கூடாது. கிளெமுக்கு அது தெரியாதா என்ன? முப்பது வருஷமாக ஒரு தடவைகூட அவர் அசைந்ததில்லை. கண் கலங்கிக்கொண்டு வந்தது. கயிற்றை மெல்ல இழுத்தார். மரத்தாடை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, முழுசாகப் பிளந்து, அப்படியே நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. ஆம்புரோஸ் மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

"நான்தான் சொன்னேனே, விடும்னு," என்றார். "எந்திரிடா கிளெம். டீ ஆறுது."