நான் செருகிய நாலு காலிச் சட்டம்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இலஞ்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் நான் மூன்று தேனீப் பெட்டி வைத்திருந்தேன். பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அதில் இரண்டு கூட்டம் ஏற்கெனவே பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிட்டது. மூன்றாவதும் போனால் தேனீயே வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். உள்ளுக்குள் அழுகைதான்.

அதனால் அந்தக் கூட்டத்தைச் சீக்கிரம் பெருக்கிவிடத் துடித்தேன். நாலு தேனடையில்தான் தேனீ இருந்தது. இடம் கொடுத்தால் புது அடை கட்டும் என்று நடுநடுவே, அடை கட்டுவதற்கான காலி மரச்சட்டம் நாலைச் செருகி, சிரட்டையில் சீனிப்பாகும் வைத்தேன். நான் எதையும் தாராளமாகச் செய்கிற ஆள். பத்து நாளாகியும் ஒரு விரற்கடை அடைகூட வரவில்லை.

அன்று தோப்பு வீட்டுக்குக் கரண்ட் ரீடிங் எடுக்க வந்த தம்பி, நான் பெட்டியைத் திறந்திருப்பதைப் பார்த்து நின்றார். அவர் வீட்டு மாடியிலும் ரெண்டு பெட்டி உண்டாம்.

"அக்கா, ஈ கொஞ்சமாத்தான இருக்கு. இந்தச் சாரல்ல நடுவுல இடம் விட்டா அடையில வளர்ற குஞ்சுப் புழுவுக்குச் சூடு பத்தாது. காலிச் சட்டத்தை உருவிட்டு அடையை நெருக்கி வைங்க. ஈ நெறைஞ்ச பொறவு ஒண்ணொண்ணாப் போடுங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. நீங்க மீட்டரைப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் காலையில் பெட்டி வாசலில் தேனீக்கள் செத்த புழுக்களை இழுத்து இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தன. யாருக்கும் தெரியாமல் காலிச் சட்டங்களை உருவினேன். நாலு அடையையும் நெருக்கி வைத்து, மிச்ச இடத்தைப் பலகையால் அடைத்தேன். சாயங்காலந்தோறும் பாகு. மூன்றாவது வாரம் அடையே தெரியாதபடி தேனீ மொய்த்தது. ஒரே ஒரு சட்டம் போட்டேன். நாலே நாளில் வெள்ளைவெளேரென்று புது அடை! நான் துள்ளிக் குதிக்காத குறை.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி ரீடிங் எடுக்க வந்தபோது, மீட்டர் பக்கம் போகவிடாமல் நேரே பெட்டிக்குக் கூட்டிப்போனேன். "நீங்க சொன்னதுதான் சரி தம்பி. அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"அதை விடுங்கக்கா, ஏழு அடை ஆயிட்டுல்லா!" என்று என்னைவிட அவர்தான் சந்தோஷப்பட்டார்.

இப்போது என்னிடம் ஒன்பது பெட்டி இருக்கிறது. என் வாய்த்துடுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் தப்பு என்னுடையது என்று வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கு எனக்குக் கிடைத்த நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே அதன்பிறகு பல பேரிடம் நானாகத் தேடிப்போய்ச் சொல்லியிருக்கிறேன்.