கோடையில் விலைபேசிய விறகு

எண்பதுகளின் நடுவில் நானும் மனைவியும் லின்ஃபீல்டில் மகள் வீட்டில் இருந்தோம். மகளுக்கு ஜூனில் முதல் பிள்ளை பிறக்கவிருந்தது. பூமியின் தென்பாதியில் ஜூன் என்றால் மழையும் குளிரும். பலகை வீடு, முன்னறையில் இருந்த விறகடுப்புத்தான் வீட்டின் மொத்தச் சூடு. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கான முப்பத்தொன்றுக்கு ஆட்கள் வருவார்கள், அதற்குள் அந்த அறை சூடாக இருக்கவேண்டும் என்பது மனைவியின் ஒரே கவலை.

கொழும்பில் அரசாங்கக் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு இதெல்லாம் ஒரு காரியமா? நல்ல வெயில் காலத்திலேயே மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு, ஆகக் குறைந்ததை எடுத்தேன். குளிர் தொடங்கினால் விலை ஏறும் என்று எல்லோரும் சொன்னதால் முழுப் பணத்தையும் கட்டி விலையை உறுதிசெய்தேன். தேவைக்கு முன் சரக்கை வாங்கிக் குவிக்கக்கூடாது என்பது களஞ்சிய விதி. ஆகவே ஜூனில் கொண்டுவந்து இறக்கினால் போதும் என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

“விறகைப் பார்த்தனீங்களோ?” என்றாள் மனைவி.

“விலையைப் பார்த்தன்.”

“விலையை எரிக்கேலாதப்பா.”

பேத்தியும் விறகும் ஒரே கிழமையில் வீடு வந்து சேர்ந்தார்கள். விறகை அடுப்பில் வைத்ததும் நுனியில் நீர் நுரைத்துச் சீறியது. பச்சைப் பைன் மரம். அறை முழுக்கப் புகை. யன்னலைத் திறந்தோம், இருந்த சூடும் போயிற்று.

“பிள்ளைக்கு இனிச் சாம்பிராணி போடத் தேவையில்லை. மாமா போட்டிட்டார்,” என்றார் மருமகன்.

வியாபாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். கோடையில் விறகு வாங்குகிறவர்கள் அதை வீட்டில் அடுக்கிக் காயவைக்கத்தான் வாங்குவார்களாம். ஜூன் வரை தன் முற்றத்தில் மழையில் கிடக்கட்டும் என்று எழுதித் தந்த முதல் ஆள் நான்தானாம். திருப்பி எடுப்பாரா என்று கேட்டேன். இரு தரப்பும் பின்வாங்க முடியாது என்ற வரியை நினைவூட்டினார். அது நானே சேர்த்த வரி. இன்று படித்தாலும் அதில் ஒரு ஓட்டை காணமாட்டீர்கள்.

அந்த வருடம் பார்த்து விலையும் இறங்கியது. முப்பத்தொன்றுக்கு முதல் நாள் மருமகன், தெருவோரத்தில் லொறியில் வைத்து விற்றவனிடம் உலர்ந்த விறகு வாங்கி வந்தார், நான் கொடுத்ததிலும் மலிவாக.

“மாமா, மூண்டு இடத்தில விலை கேக்கேல்லை. பரவாயில்லையோ?”

மறுநாள் வந்தவர்கள் கோட்டைக் கழற்றிவிட்டுச் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டார்கள். பிள்ளை எல்லாவற்றையும் தூங்கிக் கழித்தது.

பச்சை விறகை வேலியோரம் அடுக்கினேன். அடுத்த கோடை முழுக்க அது வெயில் குடித்தது. அதற்கடுத்த குளிருக்கு விறகு விலை ஏறியது. எங்கள் அடுப்போ புகையே இல்லாமல் எரிந்தது. மருமகனுக்கு இதைச் சுட்டிக்காட்டினேன்.

“ஓம் மாமா, ஒரு வருஷம்தானே பிந்தினது.”

பேத்தி அடுப்புக்கு எட்டத் தள்ளி இருந்தபடி, மனைவி பின்னிய காலுறைகளைக் கழற்றி எறிந்துகொண்டிருந்தாள்.

“பாரும், பிள்ளைக்கு வேர்க்குது,” என்றேன்.

மனைவி காலுறைகளைப் பொறுக்கினாள். “அடுத்த முறை விலை பேசப் போகேக்க சொல்லுங்கோ, நானும் வாறன். விறகைத் தொட்டுப் பார்க்க ஒராள் வேணும்.”