துண்டு இல்லாமல் தராதவர்

பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை மட்டுமே படித்தவள் நான். எழுதத் துணிந்ததை மன்னியுங்கள். எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

லிங்கநகர்ப் பக்கம் மருந்துக்கடை வைத்திருந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. இல்லை என்று சொல்லும்போதெல்லாம் மேசையைத் துணியால் துடைப்பார்.

மீன்பிடிக்கப் போன இடத்தில் கெளிற்று மீனின் முள் குத்தி என் கணவரின் கை வீங்கியிருந்தது. நான்கு அன்டிபயோட்டிக் குளிசை கேட்டேன்.

"டொக்டரின்ட துண்டு இல்லாமல் தர ஏலாது, தங்கச்சி."

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் தொழில் போயிடும், அண்ணை."

"கண்டபடி போட்டுப் போட்டுத்தான் எதிர்ப்புச் சக்தி கூடிப்போச்சு."

"கூடினா நல்லம்தானே?"

மேசையை அழுத்தித் துடைத்தார். "உங்களுக்கில்லை, கிருமிக்கு! பிறகு அது ஒரு மருந்துக்கும் கேளாது."

"பக்கத்துக் கடையில துண்டு கேளாமத் தாறாங்களே?"

"ஓம். சனமெல்லாம் அங்கதான். சட்டம் எனக்கு மட்டும்தான் போல."

நட்டப்பட்டும் அந்த மனிதர் ஏன் அப்படிப் பிடிவாதமாக நின்றார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் கணவர் தொழிலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார். அங்கே அந்த மருந்து முடிந்திருந்ததால், வெளியில் வாங்கத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். துண்டோடு நாங்கள் போனபோது அந்த மனிதரின் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் துண்டைப் பார்க்காமலே குளிசையைத் தந்தார்கள்.