அக்கரையில் நின்றவன்

விடுதலை வந்த மறு வருடம், நான் வேலை பார்த்த தூத்துக்குடி பஞ்சாலை என்னைப் புது நூற்பு இயந்திரங்களைப் பற்றிப் படித்து வர சுவிட்சர்லாந்துக்கு அனுப்பியது. இயந்திரம் செய்கிற தொழிற்சாலையிலேயே பயிற்சி. பகல் முழுக்க இரும்பும் எண்ணெயுமாகப் போய்விடும். அறைக்குத் திரும்பினால் பேச ஆள் கிடையாது. தமிழ் காதில் விழுந்து மாதக்கணக்காகியிருந்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துவைத்து, "சாப்பிட வாலே" என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிப் பார்த்ததுண்டு. சொன்ன குரல் அந்தச் சுவர்களுக்கு நடுவே வேறு யாருடையதோ போல இருக்கும். அப்புறம் அதையும் விட்டுவிட்டேன்.

இலையுதிர் காலம் தொடங்கியதும் எங்கள் ஃபோர்மன், "இன்னும் கொஞ்ச நாளில் படகுகளை நிறுத்திவிடுவார்கள். ரைன் நதியைப் பார்க்காமல் ஊருக்குப் போகாதே" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறி ஷாஃப்ஹவுசன் போனேன். அங்கிருந்து ஆற்றை எதிர்த்து ஸ்டைன் என்ற ஊர் வரை நீராவிப் படகு போகும். இரு கரையிலும் திராட்சைத் தோட்டம், குன்றின்மேல் கோட்டை, மரப்பாலம் என்று விளம்பரப் படத்தில் வரைந்திருந்தார்கள்.

படகு கிளம்பியபோது இது ஒன்றுமே தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி. தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. படகின் மணி விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது. பனி கொஞ்சம் விலகுகிற இடத்தில் ஒரு பாப்ளார் மரமோ வீட்டுக் கூரையோ எட்டிப் பார்க்கும், உடனே காணாமல் போகும். பக்கத்தில் இருந்த ஒருவர் கையை நீட்டி, "இந்தப் பக்கம் எங்கள் நாடு. அந்தப் பக்கம் ஜெர்மனி" என்றார். போர் முடிந்து அதிகக் காலம் ஆகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

குளிர் தாங்காமல் பெரும்பாலோர் உள்ளே போய்விட்டார்கள். நான் புகைபோக்கிக்குப் பக்கத்தில் கொஞ்சம் சூடாக இருந்த பலகையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பின்னால் இன்னொரு பலகையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்திக்கு ஐம்பது வயதை ஒட்டியிருக்கும், மடியில் போர்வை. மற்றவள் இளையவள், ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள்.

மணி ஒரு முறை அடித்து ஓய்ந்தது. அப்போது என் முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்:

"ஏலே, தலைய மூடு. பனி எறங்குதுல்லா."

நான் திரும்பவில்லை. என் மண்டைக்குள்தான் கேட்கிறது என்று நினைத்தேன். தனியாக இருக்கிறவனுக்கு இப்படியெல்லாம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ஒன்னத்தாம்லே. காது கேக்கலியோ?"

திரும்பினேன். அந்த ஐம்பது வயதுக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிறிய முகம், நீலக் கண். ஆனால் குரல் ஒரு சிறுமியினுடையது. எங்கள் கடற்கரையில் படகு வரும் நேரம் கேட்கிற அதே இழுவை.

"நீங்க தமிழ் பேசுதீங்களா?" என்றேன். எனக்கே என் குரல் எட்டவில்லை.

"நீ தூத்துக்குடிதான? கடல் எந்தப் பக்கம் இருக்கு?"

"இங்க கடல் இல்லம்மா. இது ஆறு."

"ஆறுன்னா கடலுக்குத்தான போகும்," என்றாள், என் அறியாமைக்கு இரங்குவது போல.

இளையவளின் மடியிலிருந்து நூல்கண்டு உருண்டு ஓடியது. அவள் அதை எடுக்கவில்லை. எழுந்து என்னிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டாள். ஓட்டலில் வேலை பார்த்தவளாம், அதனால் ஆங்கிலம் தெரியும்.

"அத்தை உங்களோடு பேசுகிறாளா?"

"ஆமாம். தமிழ் பேசுகிறார். எங்கள் ஊர் மொழி."

"மொழியா?" என்றாள். "அது ஒரு மொழியா?"

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அத்தையின் தகப்பனார், அதாவது அவளுடைய தாத்தா, ஜெர்மன்காரர். இந்தியாவில் ஏதோ துறைமுகத்தில் பஞ்சு ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தார். முதல் யுத்தம் வந்ததும், எதிரி நாட்டார் என்று ஆங்கிலேயர்கள் குடும்பத்தையே வெளியேற்றிவிட்டார்கள். அத்தைக்கு அப்போது பத்துப் பதினோரு வயது. அதற்கப்புறம் அந்த ஊரைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. இந்த யுத்தத்தின் கடைசியில் அக்கரையில் அவர்கள் வீட்டின்மேல் குண்டு விழுந்தது. இடிபாட்டுக்குள்ளிருந்து அத்தையை உயிரோடு எடுத்தார்கள். அன்றிலிருந்து ஒரு வார்த்தை ஜெர்மன் பேசியதில்லை. வாயில் வருவதெல்லாம் இந்தச் சத்தம்தான். டாக்டர் பார்த்துவிட்டு, மூளை கலங்கிவிட்டது, இதற்கு அர்த்தம் தேடாதீர்கள் என்றாராம்.

"எல்லோரும் அதை உளறல் என்றே நினைத்தோம்," என்றாள். "ஒன்றை மட்டும் தினமும் சொல்வாள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது. சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, எழுத்து எழுத்தாகச் சொன்னாள்:

"கதவத் தெறக்காத. அவன் இன்னும் நனஞ்சிக்கிட்டு நிக்கான்."

பொருள் தெரியாத வாயிலிருந்து அது வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் பொருளை மறைக்க வழியில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்டதும் அவள் பின்னல் ஊசியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யார் நிற்கிறான்? கேளுங்கள்."

நான் அத்தையிடம் குனிந்து, "யாரும்மா நிக்கான்?" என்றேன்.

"என்ன வளத்த ஆயாவோட வீட்டுக்காரன். சங்கு குளிக்கப் போயி கடல்ல செத்துட்டான். கோயில்ல துக்க மணி அடிச்சாச்சு. அதுக்கப்புறமும் வாரான். பின்கதவத் தட்டுதான். தெறக்காதன்னு ஆயா என்னப் புடிச்சிக்கிட்டா. நான் சன்னல் வழியாப் பாத்தேன். தலையிலேருந்து தண்ணி சொட்டுது."

"இப்போ எங்க நிக்கான்?"

இதைக் கேட்டிருக்கவே வேண்டாம். அவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து ஆற்றைக் காட்டினாள்.

"அங்கன."

ஜெர்மன் கரையில் பனி ஒரு ஆள் உயரத்துக்குக் கிழிந்திருந்தது. அங்கே பழைய படித்துறை ஒன்று. கீழ்ப் படியில், தண்ணீர் கணுக்காலைத் தொடுகிற இடத்தில், ஒரு மனிதன் நின்றான். தலையில் தொப்பி இல்லை. கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. தூண்டில் போட வந்தவனாக இருக்கலாம், எல்லைக் காவல்காரனாக இருக்கலாம். ஆனால் கையில் தூண்டிலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. படகில் இருந்த யாரோ கையசைத்தார்கள். அவன் அசையவில்லை. பனி மூடிக்கொண்டது. மருமகளும் பார்த்தாள். அதில் சந்தேகமில்லை, என் சட்டைக் கையை அவள் பிடித்திருந்தாள்.

எப்படியாவது அந்த அம்மாளைத் தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "கதவத் தெறந்தாச்சும்மா," என்றேன். "இனி பயமில்ல."

அவள் முகம் மாறியது. என்னை நெடுநேரம் பார்த்தாள்.

"அப்போ உள்ள வந்துட்டானா?"

பலகையைச் சுற்றித் தளத்தில் பனி ஈரம் தேங்கியிருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாக இரண்டு கால்களையும் தூக்கிப் பலகைமேல் வைத்து, போர்வையால் இறுக மூடிக்கொண்டாள்.

தாழ்வான மரப்பாலத்தின் அடியில் போகும்போது புகைபோக்கியைப் படுக்கவைத்தார்கள். புகை தளமெங்கும் பரவியது. பாலத்தைத் தாண்டி வெகுநேரம் கழித்து வெயில் வந்தது. ஒரே நிமிடத்தில் யாரோ திரையை இழுத்தது போல, மஞ்சளாகப் பழுத்த திராட்சைத் தோட்டங்கள், குன்றின்மேல் கோட்டை, சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய வீடுகள். உள்ளே இருந்தவர்கள் ஓடிவந்து கூவினார்கள், படம் எடுத்தார்கள். நாங்கள் மூவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு அழகான ஒரு பள்ளத்தாக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆனாலும் அதைப் பார்த்தேன் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

இறங்கும்போது மருமகள் தன் விலாசத்தைக் கொடுத்தாள். "ஊருக்குப் போனதும் விசாரிப்பீர்களா? அப்படி ஒருவன் இருந்தானா என்று மட்டும் தெரிந்தால் போதும்."

அடுத்த ஆண்டு தூத்துக்குடி திரும்பினேன். பஞ்சுக் கம்பெனி ஜெர்மன் துரை இருந்த பங்களா கடற்கரைச் சாலையில் இன்னும் இருந்தது. ஒரு கப்பல் ஏஜென்ட் அதில் சாமான் அடுக்கியிருந்தார். பின்கதவைப் போய்ப் பார்த்தேன். உப்புக்காற்றில் அரித்த சாதாரணக் கதவு, இரண்டு படி. எதிரே சோடாக்கடை வைத்திருந்த அண்ணாச்சிக்குப் பழைய கதையெல்லாம் தெரிந்திருந்தது. அந்த ஆயா தருவைகுளத்துக்காரி, செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது, அவள் அக்கா மகள் இருக்கிறாள் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் தருவைகுளம் போனேன். அந்த அக்கா மகள் மாதா கோயில் வாசலிலேயே அகப்பட்டாள். முக்காட்டை எடுக்காமல் நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"அந்த வெள்ளக்காரப் பிள்ள இருக்காளா? எங்க சின்னம்மை சாகுற வரைக்கும் அவளச் சொல்லித்தான் அழுதா."

"உங்க சின்னம்மை வீட்டுக்காரர் கடல்ல போனவர்தானே?"

"அப்படித்தான் எல்லாரும் நினச்சோம். வாடைக்காத்துல வள்ளம் கவுந்துபோச்சு. ஒருத்தரும் கரையேறலன்னு மணி அடிச்சாச்சு. சின்னம்மை கறுப்புச் சேல கட்டிட்டு வேலைக்குப் போயிட்டா. மறுநாள் சாயங்காலம் நல்ல மழ. பங்களாப் பின்கதவுல வந்து நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. பேய்னு நினச்சி அவ தெறக்கல."

"பேய் இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். "தம்பி, பலகையப் புடிச்சி மெதந்து மெதந்து, எங்கனயோ கரை ஏறியிருக்காரு. பொண்டாட்டியத் தேடி முதல்ல பங்களாவுக்குத்தான் வந்திருக்காரு. தெறக்கலன்னதும் நம்ம ஊருக்கு நடக்க ஆரம்பிச்சிட்டாரு. வழியில மாப்பிள்ளையூரணி தாண்டல. விடியக்கால உப்பளத்துல வேலைக்குப் போனவங்க வரப்புல பாத்தாங்க. உடம்பு அப்பத்தான் குளுந்திருந்துச்சாம்."

கோயிலுக்குப் பின்னால் கல்லறையைக் காட்டினாள். சிலுவை மணலில் பாதி புதைந்திருந்தது. "சின்னம்மை அந்தப் பிள்ளைக்கிட்ட உண்மையச் சொல்லவே இல்ல," என்றாள். "சின்னப் பிள்ளைக்கிட்ட எப்படிச் சொல்லுவா? பேய்னே நெனச்சிட்டுப் போகட்டும்னு விட்டுட்டா."

கேட்டதை அப்படியே மருமகளுக்கு எழுதினேன். எழுத வேண்டாமோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் தபாலில் போட்டேன். மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. கடிதத்தை அத்தைக்கு ஜெர்மன் மொழியில் வாசித்துக் காட்டினாளாம். அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில், "பாவம், அவருக்குக் குளிர்ந்திருக்கும்" என்றாளாம். ஜெர்மன் மொழியில். பிறகு சூப் கேட்டாளாம். அன்றிலிருந்து மற்றவர்களைப் போலப் பேசுகிறாள், கடைக்குப் போகிறாள். தமிழ் ஒரு வார்த்தை வரவில்லை. சொல்லிக் காட்டினால், இது என்ன சத்தம் என்று கேட்கிறாள்.

அதற்குக் கீழே, வேறு மையில், பிறகு சேர்த்தது போல நாலு வரி இருந்தது. இப்போது தூக்கத்தில் தான்தான் அந்த வாக்கியத்தைச் சொல்வதாகவும், அத்தைதான் வந்து தன்னை எழுப்புவதாகவும் எழுதியிருந்தாள். இது நாளடைவில் போய்விடுமா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

போய்விடும் என்று பதில் எழுதினேன். அதற்கப்புறம் அவளிடமிருந்து கடிதம் வரவில்லை. மில் வேலையாக, அந்த உப்பள வரப்பு இருக்கிற மாப்பிள்ளையூரணிப் பக்கம் போக வேண்டியிருந்தால், மழைக்காலத்தில் மட்டும் வேறு யாரையாவது அனுப்பிவிடுவேன்.