எதிர் வகுப்பில் ஒரு மைக்ராஸ்கோப்

கண்ணுக்குத் தெரியாததை உண்டு என்று சொல்லிப் பிழைக்கிறவர்கள் உலகில் இரண்டே பேர்: மந்திரவாதி, சயன்ஸ் வாத்தியார். மந்திரவாதிக்கு மரியாதை அதிகம். திருவனந்தபுரத்துப் பள்ளியொன்றில் நாலாம் பாரம் 'பி' பிரிவு எனக்கு. எதிர் அறையிலிருந்த 'ஏ' பிரிவு மாதவன் சாருக்கு. பள்ளியில் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பும் அவருக்கே. அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் நடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சாக்கட்டியை மட்டும் நம்பிக் காலம் தள்ளும் சக வாத்தியார்களே, உங்களுக்குப் புரியும். என் பையன்களில் ஒருவனாவது என் பேச்சை நம்பினால் போதும் என்றிருந்தது.

பூசணிக்காய்க் கிருமி

கடைசி பெஞ்சுக்கும் தெரியட்டும் என்று போர்டு முழுக்க ஒரு கிருமியை வரைந்தேன். ஒரு கடுகுக்குள் லட்சம் கிருமி அடங்கும் என்றேன். ஆரியசாலை மளிகைக்கடைக்காரர் மகன் எழுந்தான்.

"ஏ கிளாஸ் பயலுவ பாத்தது புள்ளி கணக்கால்லா இருந்துச்சாம்! இது பூசணிக்கா கணக்கா இருக்கே, சார்?"

கடுகு வெட்டியது

மறுநாள் வீட்டிலிருந்து கடுகும் பிளேடும் கொண்டுபோனேன். கடுகைப் பாதியாக வெட்டினேன்; பாதியில் பாதி, அதிலும் பாதி. பையன்கள் மேஜையைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதிர் வகுப்பை ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது ஒருவன் தும்மினான். மேஜை காலி.

"கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்தாச்சு சார், இனி மாதவன் சார்கிட்ட கொண்டு போலாமா?"

தயிர்சாதம்

ஒரு கரண்டித் தயிரில் கோடிக்கணக்கான உயிர் உண்டு என்று சொல்லிவைத்தேன். இரண்டாம் நாள் கோட்டை அக்கிரகாரத்திலிருந்து ஒரு மாமி பையனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஜீவஹிம்சைன்னு தயிர்சாதமே வேண்டாங்கறான்!" என்று ஒரே சண்டை. கடைசியில் ஒருவன் நம்பிவிட்டான்! எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அதற்குள் மாதவன் சார் வந்து, அவனைக் கூப்பிட்டு ஒரு துளித் தயிரை லென்ஸில் காட்டினார். பையன் நிமிர்ந்தான்.

"இத்தனூண்டா! இதுக்கா நம்ம சார் அத்தனை பயமுறுத்தினார்? அம்மா, சாதம் கொண்டு வந்திருக்கியோ?"

லென்ஸில் நான்

அதுவரை வீம்புக்காகவே நான் அந்தக் கருவியில் கண் வைத்ததில்லை. அன்று சாயங்காலம் மாதவன் சாரே, "சாரும் ஒண்ணு நோக்கணும்" என்று கூப்பிட்டார். அலட்சியமாகக் குனிந்தேன். வெள்ளைவெளேரென்று ஒரு வட்டம், வேறொன்றும் இல்லை. ஒன்றும் தெரியவில்லை என்று போயும் போயும் அவரிடமா சொல்வது? "அடேயப்பா, என்ன கூட்டம்!" என்றேன். அவர் கையிலிருந்த கண்ணாடித் தகட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சாரே, ஞான் இன்னும் ஸ்லைடு வெச்சில்லல்லோ!"

கிருமி எவ்வளவு சின்னது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நான், அன்றைக்குத்தான் அந்த அளவுக்கு வந்து சேர்ந்தேன்.