வேதமணி ஒட்டிய கவர்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி சூப்பர்வைசராக இருந்த வேதமணி, 1984 முதல் ஓர் அரசராகவும் இருந்தார். நாலாயிரம் வீரர்கள், ரெண்டு யாளி, நெருப்புக் கக்கும் கிழட்டுப் பறவை ஒன்று. எல்லாம் தபால் கார்டில்தான்.

விளையாட்டை நடத்தியவர் சுந்தரபாண்டியம் ஊர் வாத்தியார் தேவஇரக்கம். ஏழு பேர், ஏழு கோட்டை. யார் மேல் படையெடுக்கிறோம் என்று வாராவாரம் அவருக்கு எழுத வேண்டும். அவர் தாயக்கட்டை உருட்டி, யார் செத்தார் என்று திருப்பி எழுதுவார். ஆட்டம் முடியும்வரை ஆட்டக்காரர்கள் நேரில் சந்திக்கக் கூடாது.

ராணுவ ரகசியத்தைக் கார்டில் எழுதி, அதையும் பெட்டியில் போடச் சோம்பல்பட்டு, தபால்காரர் ஜேசுதாசன் கையிலேயே கொடுத்தால் என்ன ஆகும்? வாசிப்பார். வாசித்ததோடு விடுகிற ஆளா அவர்?

“அண்ணாச்சி, ஆத்துப் பக்கம் ஏன் ஆளை விட்டிய? அங்கன பூராம் பிசாசுல்லா!” என்று நடுத்தெருவில் கேட்பார். டீக்கடையில் பாதிப் பேர் வேதமணி கட்சி.

நாலு வருசமாக அவருக்குத் துணை நின்றவர் ஐயாதுரை; ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் சைக்கிள் கடை. பஞ்சத்தில் நெல் அனுப்பினார், முற்றுகையில் யானை அனுப்பினார். வேதமணியின் மனைவி அன்னாளுக்கு நிஜமாகவே ஆபரேஷன் என்றதும், “ராணியம்மா சாப்பிடுறாங்களா?” என்று தினமும் கார்டு போட்டார்.

88 கிறிஸ்துமஸுக்கு மிஞ்சியது இந்த இருவர் கோட்டைதான். சக்கரவர்த்திப் பட்டமோ ஒன்று. ஐயாதுரையின் படை மலையில் பூதத்தோடு மல்லுக்கட்டியது. கோட்டைக்குப் பத்துக் கிழவர்கள் காவல். வேதமணிக்குப் புத்தி கெட்டது. ‘ஐயாதுரை கோட்டை மேல் படையெடுக்கிறேன்’ என்று வாத்தியாருக்கு எழுதி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவரில் போட்டு, பசை போதாதென்று சோற்றுப் பருக்கையும் வைத்து ஒட்டினார்.

ஜேசுதாசன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, கவரு?”

“ஒண்ணுமில்லவே.”

“ஒண்ணுமில்லாததுக்கா சோத்த வச்சு ஒட்டிருக்கிய?”

பிரிக்க மாட்டார், சர்க்கார் உத்தியோகம். ஆனால் அவர் குடியிருந்ததும் மடவார் வளாகம். சாயங்காலம் ஐயாதுரை கடையில் காற்றடிக்கும்போது, “ஒங்க சேக்காளி இந்த வாரம் கவர்ல எழுதிருக்காரு” என்று மட்டும் சொன்னார். ஐயாதுரைக்கு அது போதும். அன்றே வாத்தியாருக்குக் கார்டு போட்டு, படையைக் கோட்டைக்குத் திருப்பினார்.

நாலாயிரம் பேரும் வாசலிலேயே காலி. கிழட்டுப் பறவைகூடப் பிழைக்கவில்லை. பட்டம் ஐயாதுரைக்கு. டீக்கடை சிரித்த சிரிப்பையெல்லாம் வேதமணி தாங்கிக்கொண்டார். அடுத்து ஐயாதுரையிடமிருந்து வந்த கார்டைத்தான் தாங்க முடியவில்லை. ஜேசுதாசன் அதைக் கவிழ்த்து நீட்டிவிட்டுப் போனார்.

‘அண்ணாச்சி, கேட்டிருந்தா பட்டத்தை நானே தந்திருப்பேன். ஆட்டம் முடிஞ்சதும் ஒங்க ரெண்டு பேரையும் விருந்துக்குக் கூப்பிடணும்னு வீட்ல சொல்லி வச்சிருந்தேன். இனி வேண்டாம். ராணியம்மா ஒடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க.’

வேதமணி தட்டில் இருந்த சோற்றை அப்படியே தள்ளி வைத்தார்.

“மன்னிப்புக் கேட்டு எழுதுங்க” என்றாள் அன்னாள்.

“கவர் இருக்கா?”

“கவரா? நல்லாருக்கு!” அவள் ஒரு கார்டை முன்னால் வைத்தாள். “கள்ளத்தனத்தைத்தான் மூடி எழுதினிய. இதைத் தொறந்தே எழுதுங்க. ஊரே வாசிக்கட்டும்.”

மூன்று வரி எழுத ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. மறுநாள் ஜேசுதாசன் வாசலில் நின்றே வாசித்தார். வழக்கம்போல ஏதாவது சொல்வார் என்று வேதமணி தலைகுனிந்து காத்திருந்தார்.

ஜேசுதாசன் கார்டைத் தபால் பையில் போடவில்லை. சட்டைப் பையில் வைத்தார்.

“இதுக்கு முத்திரையெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. சாயங்காலம் நானே அவர் கையில குடுத்துருதேன்.”